சேர்ந்து ஏறிய இரண்டு முட்கள்

என்னோடு பதுளைத் தேயிலை மலைகளில் வளர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஃபேன் பெல்ட் என்றதும் உங்களுக்குக் காரின் எஞ்சின் நினைவுக்கு வரும். எனக்குத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்து அறையில் கதவுக்குப் பின்னால் இருந்த ஆணிதான் நினைவுக்கு வருகிறது. தேய்ந்துபோன பெல்ட் ஒன்று அதில் தொங்கும். ஓரங்களில் நூல் பிரிந்திருக்கும். மழை நாட்களில் அறை முழுவதும் அந்த ரப்பர் வாசம் இருக்கும். அப்பா அதைக் கழற்றும்போது ஆணி ஒருமுறை சுவரில் தட்டும். அந்தச் சத்தத்துக்கும் முதல் அடிக்கும் நடுவில், அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி வைக்க அம்மாவுக்கு நேரம் இருந்தது. எத்தனை அடி வாங்கினாலும் அம்மா சோற்றைக் கருக விட்டதில்லை.

காரணங்கள் சிறியவை. சோற்றில் கல். வெந்நீர் ஆறியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரியுடன் குழாயடியில் நின்று பேசியது. அடிக்கும்போது அப்பா பேசமாட்டார். அடித்து முடித்ததும் பெல்ட்டை அதே ஆணியில், அதே பக்கம் தொங்கும்படி மாட்டுவார். ஒழுங்கு எனக்கு அவரிடமிருந்து வந்தது என்பதை இந்த வயதில் மறைக்க விரும்பவில்லை.

தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருந்தோம். அப்பா ஃபேக்டரியில் தேயிலை காய வைக்கும் டிரையருக்குப் பொறுப்பு. டிரையரின் முகப்பில் சோற்றுத் தட்டளவு ஒரு வெப்பமானி. முள் கோட்டைத் தாண்டினால் தூள் கருகும். கீழே இறங்கினால் ஈரம் நின்று கெட்டுப்போகும். அப்பாவுக்கு முன் அந்த வேலையில் இருந்தவர் ஒருமுறை தூளைக் கருக்கிவிட்டு, "முள்ளு பொய் சொல்லிருச்சிங்க" என்று ஃபேக்டரியை நடத்தும் டீமேக்கர் ஐயாவிடம் சொன்னாராம். ஐயா வேறொரு வெப்பமானியை வைத்துப் பார்த்தார். முள் சரி. ஆள்தான் தூங்கியிருந்தார். அந்த ஆளை மலை வேலைக்கு அனுப்பிவிட்டு அப்பாவை அந்த இடத்தில் நிறுத்தினார்கள். அப்பா இந்தக் கதையை அடிக்கடி சொல்வார். கடைசியில் எப்போதும் ஒரே வாக்கியம்:

"முள்ளு பொய் சொல்லாது. அதப் பாக்குறவந்தான் பொய் சொல்லுவான்."

இப்போது கார்.

தோட்டத்துக் கிளாக்கர் ஐயா ஓய்வுபெற்றுப் போகும்போது விட்டுச் சென்ற பழைய கார் அது. சாம்பல் நிறம். இடது பக்கக் கதவு உள்ளிருந்து மட்டும்தான் திறக்கும். அப்பாவும் அவருடைய தம்பியும், அதாவது என் சித்தப்பாவும், சேர்ந்து எடுத்தார்கள். அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. சித்தப்பா ஓட்டினார். கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் சாப்பாடு. காலையில் என்னைப் பதுளையில் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, ஆஸ்பத்திரிப் பக்கம் ஹயருக்கு, வாடகைச் சவாரிக்கு, நிற்பார். இரண்டு மணிக்கு என்னை ஏற்றிக்கொண்டு மலையேறுவார்.

டாஷ்போர்டின் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்ன வட்டங்கள். ஒன்று எஞ்சின் சூட்டைக் காட்டும், மற்றது பெட்ரோலை. சித்தப்பா சூட்டு முள்ளுக்கு மாமியா என்றும் பெட்ரோல் முள்ளுக்கு மருமக என்றும் பெயர் வைத்திருந்தார்.

"புள்ள, மாமியா மூஞ்சி எப்பிடி இருக்கு?"

"நடுவுல இருக்கா."

"அப்ப இன்னைக்கி வீட்ல சண்டை இல்ல."

நான் ஏழாம் வகுப்பில் இருந்த வருடம் ஆடியில் மழை பெய்யவில்லை. எதிர் மலைகளில் மானாப்புல் பற்றி எரிந்தது. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் கரித்தூள் விழும். அந்த வாரங்களில்தான் மாமியாவுக்குக் கோபம் வர ஆரம்பித்தது. தார் ரோட்டில் நடுவில் நிற்கும் முள், தோட்டத்துக் கல்ரோட்டில் ஏறியதும் மெதுவாக எழுந்து சிவப்புக்குள் போகும். முதல் நாள் சித்தப்பா வண்டியை நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவைத்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தார். தண்ணீர் கழுத்துவரை இருந்தது.

"தண்ணி இருக்கு. கொதிக்கவும் இல்ல. அண்ணே, முள்ளு பொய் சொல்லுது" என்று அன்று மாலை அப்பாவிடம் சொன்னார்.

அந்த வீட்டில் யாரும் சொல்லியிருக்கக் கூடாத வாக்கியம் அது. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவினார். ஆணி சுவரில் தட்டியது. அம்மா சட்டியை இறக்கினார். ஆனால் பெல்ட் அம்மாவிடம் போகவில்லை. சித்தப்பாவின் முதுகில் நான்கு முறை விழுந்தது. இருபத்தெட்டு வயது ஆள். அண்ணனுக்கு முன் கையைத் தூக்கக் கூடாது என்று வளர்ந்தவர். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் அப்பா எனக்கு ஒரு நாற்பது பக்கக் கொப்பி கொடுத்தார். பக்கங்களில் கோடும் அவரே போட்டிருந்தார். இடம், நேரம், சூடு, பெட்ரோல். சூட்டை ஐந்து இடங்களில் எழுத வேண்டும். பெட்ரோலை இரண்டே இடங்களில்: பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது, பிற்பகல் ஏறும்போது.

"கண்ணால பாக்குறத எழுது. கூட்டாத, குறைக்காத."

நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. பென்சிலைக் கூராகச் சீவி வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்து எழுதினேன். ஆளுக்கொரு வேலை என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு வாரம் முடிந்ததும் அப்பா கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். இறங்கும்போது பெட்ரோல் முக்கால். ஏறும்போது கால். மறுநாள் முக்கால், கால். அதற்கு மறுநாளும்.

"ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேசனுக்கும் ஓடுறதுக்கு அர டேங்கியாடா?" என்று கேட்டார்.

"அண்ணே, மூணு ஹயர்தான் ஓடுனேன். சத்தியமா."

"அப்ப பெட்ரோலு எங்க போச்சி? சாயங்காலம் மறுபடி ஏறி நிக்கிது, அது எப்பிடி?" அப்பாவே பதிலையும் சொன்னார். "பெட்ரோல உருவி விக்கிற. மண்ணெண்ணெய ஊத்தி ரொப்புற. அதான் எஞ்சின் சூடாவுது."

யோசித்துப் பாருங்கள். பெட்ரோல் குறைகிறது, பிறகு கூடுகிறது, எஞ்சின் சூடேறுகிறது. மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்டார். ஒரு குச்சியை டேங்கிக்குள் விட்டு அளந்திருந்தால் போதும். அது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. முள் இருக்கும்போது குச்சி எதற்கு?

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் கொப்பி திறக்கும், பெல்ட் இறங்கும். முதல் வாரம் நான்கு. இரண்டாவது வாரம் ஏழு. மூன்றாவது வாரம் கொக்கிப் பக்கம் கழுத்தில் பட்டு இரத்தம் வந்தது. "பெல்ட்டுல கொக்கி ஏது?" என்று நீங்கள் கேட்கலாம். அறுந்த இடத்தை அப்பா கம்பியால் இணைத்திருந்தார். அந்தக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்த அறைக்காரர்கள் ரேடியோவைக் கூட்டி வைத்தார்கள்.

அந்த வாரங்களில் இன்னொன்றையும் நான் கவனித்தேன். அதைக் கொப்பியில் எழுதவில்லை; மனதில் எண்ணினேன். கொப்பி வந்த நாளிலிருந்து அப்பா அம்மாவை ஒருமுறைகூட அடிக்கவில்லை. சோற்றில் கல் வந்த நாளிலும் அடிக்கவில்லை. கல்லை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, "கொப்பியக் கொண்டா" என்றார். அம்மாவின் கையில் இருந்த கன்றல் முதலில் நீலமாக இருந்து, பச்சையாகி, மஞ்சளாகி, ஒரு நாள் இல்லாமல் போயிற்று. குழாயடியில் அம்மா சத்தமாகச் சிரித்ததை அந்த ஆடியில்தான் முதன்முதலில் கேட்டேன்.

நான்காவது வாரம், செவ்வாய்க்கிழமை. பிற்பகல் திரும்பிக்கொண்டிருந்தோம். ஹாலிஎல தாண்டி, தார் ரோடு முடிந்து, கல்ரோட்டில் வண்டி குலுங்க ஆரம்பித்தது. சித்தப்பாவின் கழுத்தில் மஞ்சள் பற்று. அப்படியிருந்தும் வாய் சும்மா இருக்கவில்லை.

"பாரு, மாமியா எந்திரிக்கிறா. பாத்தியா, மருமகளும் கூடவே எந்திரிக்கிறா. மாமியாளுக்குக் காச்சலுன்னா மருமகளுக்கு வயிறு நெறையுது."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே பார்த்தேன். சூட்டு முள் நடுவிலிருந்து சிவப்புக்குப் போயிற்று. பெட்ரோல் முள் காலிலிருந்து அரைக்கு, அரையிலிருந்து முக்காலுக்கு. இரண்டும் ஒரே வேகத்தில், கைகோத்துக்கொண்டு போவது போல. வண்டி நிற்கவே இல்லை. யாரும் எதையும் ஊற்றவில்லை.

சித்தப்பா பிரேக்கை மிதித்தார். சிரிப்பு போய்விட்டது.

"புள்ள, நெசமாவே ரெண்டும் சேந்துதான் ஏறுது. ஓடுற வண்டியில பெட்ரோலு எப்பிடி ஏறும்? இத எழுது. ஓரத்துல எழுது. நான் சொன்னா அண்ணன் நம்ப மாட்டாரு. நீ காட்டு."

பக்கத்தின் ஓரத்தில் எழுதினேன்: "கல்ரோட்டில் இரண்டு முட்களும் சேர்ந்து ஏறின. வண்டி நிற்கவில்லை." அவர் எட்டிப் படித்துப் பார்த்தார். என் தலையில் கையை வைத்தார். அந்தக் கையில் பெட்ரோலும் பீடியும் மணத்தன. தோட்டம் வரும்வரை விசிலடித்துக்கொண்டே ஓட்டினார்.

அன்று மாலை அம்மா அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். நான் கொப்பியை மடியில் வைத்து அந்த வரியைத் திரும்பப் படித்தேன். அதன் அர்த்தம் எனக்கு விளங்கியது. பன்னிரண்டு வயதில் அது விளங்காத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. இதைக் காட்டினால் சித்தப்பா மேல் குற்றம் இல்லை. சித்தப்பா மேல் குற்றம் இல்லாவிட்டால் பெல்ட் சும்மா தொங்காது. அது பழைய ஆளைத் தேடி வரும்.

ரப்பரை எடுத்தேன். அழித்தேன். பக்கம் கிழியாமல், மெதுவாக. ரப்பர் தூளை ஊதிவிட்டேன். என் வாழ்க்கையில் எழுதி வைத்த குறிப்புகளில் நான் அழித்தது அந்த ஒன்றுதான்.

அடுத்த நாளே சித்தப்பா என்னிடம் கேட்டார். "காட்டினியா?" சனிக்கிழமை காட்டுகிறேன் என்றேன். சனிக்கிழமைவரை போகவில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றே கால் மணி. நாங்கள் வந்த நேரத்தில் அப்பா ஃபேக்டரி வாசலில் நின்றிருந்தார். பெட்ரோல் கைமாறுவதைப் பார்த்ததாக யாரோ அவரிடம் கோள் சொல்லியிருந்தார்கள். யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கையில் பெல்ட் இருந்தது. வீட்டுக்கு வெளியே நான் அதைப் பார்த்தது அன்றுதான். அவருக்குப் பின்னால் டீமேக்கர் ஐயாவும் கொழுந்துச் சாக்கு இறக்கும் ஏழெட்டுப் பேரும்.

அப்பா குனிந்து ஜன்னல் வழியாக முள்ளைப் பார்த்தார். சிவப்பு.

"எறங்குடா."

சித்தப்பா இறங்கியதும் முதல் அடி முகத்தில். இரண்டாவது அடியில் கம்பி காதைக் கிழித்தது. சித்தப்பா காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

"அண்ணே, புள்ளகிட்ட கேளுங்க! எழுதி வச்சிருக்கு! செவ்வாக்கெழம பக்கத்தப் பாருங்க!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா கையை நீட்டினார். கொப்பியைக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திருப்பினார். ஓரம் வெறுமையாக இருந்தது.

"எழுதினியா?"

"இல்ல."

"சொல்லு, புள்ள" என்றார் சித்தப்பா. கோபமாகக்கூட இல்லை. மறந்துவிட்ட ஒன்றை ஞாபகப்படுத்துவது போல. "நீதான எழுதின. நான் பாத்தேனே."

"நான் ஒண்ணும் எழுதல."

அப்பா சித்தப்பாவின் பின் கழுத்தை, அந்த மஞ்சள் பற்றின் மேலேயே, பிடித்து வண்டியின் முன்பக்கம் இழுத்துப் போனார். பானெட்டைத் தூக்கினார்.

"முள்ளு பொய்யின்னியே. மூடியத் தெற. எல்லாரும் பாக்கட்டும்."

"இப்ப தெறக்கக் கூடாதுண்ணே. சூடா இருக்கும். ஆறட்டும்."

"முள்ளு பொய்யின்னா சூடு எங்கருந்துடா வந்திச்சி? ரெண்டுல ஒண்ணச் சொல்லு!"

யாரோ சிரித்தார்கள். டீமேக்கர் ஐயாகூடத் தலையை ஆட்டினார்.  எல்லோருக்கும் அந்தக் கேள்வி நியாயமாகவே தோன்றியது. பெல்ட் இன்னும் இரண்டு முறை முதுகில் விழுந்தது. சித்தப்பா என்னை ஒருமுறை பார்த்தார். இடுப்பிலிருந்த துண்டை உருவி, கையில் சுற்றி, மூடியைத் திருகினார்.

தண்ணீர் வெள்ளையாக எழுந்தது. ஆள் உயரத்துக்கு எழுந்தது என்று பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது சத்தம்தான்: முதலில் சீறல், அதற்குப் பிறகு சித்தப்பா. அவர் தரையில் உருண்டார். வலது கன்னமும் கழுத்தும் கையும் வெந்துபோயின. சட்டையை இழுத்தவர்களின் கையோடு தோல் வந்தது. அப்பா பெல்ட்டோடு நின்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"பாத்தீங்களா? கொதிக்கிது. நான் சொன்னேன்ல."

சித்தப்பாவைக் கொழுந்து லொறியில் போட்டுப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கார் ஃபேக்டரி வாசலிலேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை, எஞ்சினைச் சரிபார்த்துக் காரை வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று, லொறி டிரைவரை ஓட்டச் சொல்லி அப்பா அதைப் பதுளைக்கு எடுத்துப் போனார். கணக்குக் காட்ட நானும் கொப்பியும். பஜாருக்குப் பின்னால் கார்களுக்கு வயர் வேலை செய்யும் ஒரு முஸ்லிம் நானாவின் கராஜ். மெலிந்த மனிதர், தொப்பி ஓரத்தில் பென்சில் செருகியிருந்தார். அப்பா மண்ணெண்ணெய்க் கதையைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு ஒரு குச்சியை டேங்கிக்குள் விட்டு எடுத்து முகர்ந்தார்.

"மண்ணெண்ணெய் வாட ஒரு சொட்டு இல்ல. சுத்தமான பெட்ரோல். கால் டேங்கி ஈக்குது."

அப்பா டாஷ்போர்டைக் காட்டினார். "முக்கால்னு நிக்கிதே."

நானா குனிந்து பார்த்தார். எஞ்சினில் திருகியிருந்த, சூட்டை அளக்கும் பித்தளைக் குமிழிலிருந்து வயரைக் கழற்றினார். சூட்டு முள் மெல்ல விழுந்தது. வயரின் நுனியை எஞ்சின் இரும்பில் தொட்டார். முள் ஏறியது. "முள்ளும் சரி, வயரும் சரி" என்று முனகிக்கொண்டு வயரை மாட்டினார். சீட்டுக்குக் கீழே மல்லாந்து படுத்து, டாஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டு, எதையோ பிடித்து அழுத்தினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு முட்களும் சேர்ந்து இறங்கின. கையை எடுத்தார். இரண்டும் சேர்ந்து ஏறின.

"இங்க ஒரு டப்பி ஈக்குது. பெட்டரி கரண்டக் கொறச்சி இந்த ரெண்டு முள்ளுக்கும் அனுப்புறது இதுதான். இதப் புடிச்சிக்கிற ஸ்குரூ லூசு. துரு வேற. கல்ரோட்டுல குலுங்குனா கரண்ட கொறைக்காம விட்டுரும். தார் ரோட்டுக்கு வந்தும் கொஞ்ச நேரம் அப்பிடியே நின்னுட்டு, பொறகுதான் சரியாகும். ரெண்டும் பொய் சொல்லும்."

உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு. ஸ்குரூவுக்கு ஒரு சுற்று. அவ்வளவுதான். சூடு நடுவில் நின்றது. பெட்ரோல் காலில் நின்றது.

அப்பாவின் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. "ஆனா தண்ணி கொதிச்சிச்சே, நானா. எல்லாரும் பாத்தாங்க."

"மலையேறி வந்த கையோட மூடியத் தொறந்தா எந்த வண்டியும் மூஞ்சியிலதான் அடிக்கும். அதுக்கு முள்ளு என்னத்துக்கு?" நானா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ரெண்டும் சேந்துல்ல ஆடியிருக்கும். இவ்வளவு நாளா ஒருத்தரும் பாக்கலியா?"

அப்பா என் கையிலிருந்து கொப்பியை வாங்கினார். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திருப்பி, கராஜ் வாசலில் வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தார். நான் பென்சிலை அழுத்தி எழுதுகிறவள். ரப்பர் கரியை எடுத்திருந்தது, பள்ளத்தை எடுக்கவில்லை. அவருடைய உதடுகள் அசைந்தன. எழுத்துக்கூட்டிப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று கண்ணை மூடினேன். அடிக்கவில்லை. கொப்பியைச் சுருட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் டிரையர் அடுப்பில் விறகோடு அது போயிற்று என்று பிறகு தெரிந்தது.

கராஜிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்பா வார்டு வாசலில் நின்றுவிட்டார். "நீ போய்ப் பாரு" என்றார்.

சித்தப்பாவின் முகத்தில் பாதி துணி. திறந்திருந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார். உதடு வீங்கியிருந்ததால் சொற்கள் மெதுவாக வந்தன.

"ஸ்குரூ லூசாம், சித்தப்பா" என்றேன். "ரெண்டு முள்ளுக்கும் ஒரே டப்பி."

"ம்."

"நான் எழுதுனேன். அழிச்சிட்டேன்."

அந்தக் கண் மேலே கூரைக்குப் போயிற்று. எதற்காக என்று அவர் கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்.

"இந்த மாசம் ஒங்கம்மாளுக்கு அடி விழுந்திச்சா?"

"இல்ல."

"அப்ப சரி" என்றார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. கட்டுப் பிரித்த அன்றே பதுளை ஸ்டேஷனில் ரயில் ஏறியதாக லொறி டிரைவர் சொன்னார். அப்பா பிறகு அவரைத் திருடன் என்று சொல்லவில்லை. திருடவில்லை என்றும் யாரிடமும் சொல்லவில்லை. கார் வேறு தோட்டத்துக்குப் போயிற்று. நான் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனேன்.

சித்தப்பா போன நான்காம் நாள், மாலை ஐந்தரை மணிக்கு, ஆணி சுவரில் தட்டியது. அம்மா சட்டியை இறக்கினார்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக் கடையில் ஒரு கொப்பி வாங்கினேன். கோடு நானே போட்டேன். கிழமை, நேரம், யார், எத்தனை, காரணம். முதல் வரியில் ஐந்தரை என்றும் அம்மா என்றும் ஆறு என்றும் எழுதினேன். கடைசிக் கட்டத்தில் எழுத பென்சிலை வைத்தேன். சோற்றில் கல் இல்லை. வெந்நீர் சூடாகத்தான் இருந்தது. அடி வாங்கச் சித்தப்பாவும் இல்லை. அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதினேன். பென்சிலைப் போட்டுவிட்டுப் பேனாவால் எழுதினேன், ரப்பருக்குப் போகாதபடி.